அலையும் கவனமும் தெளிவுக் கனவும்

ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தெளிவுக் கனவுகள் மற்றவர்களைவிட எளிதாக வருகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது எட்டவே எட்டாது என்று சொல்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் காட்டும் காரணங்கள் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றுகின்றன. ஏடிஎச்டி உள்ளவர் பகலிலேயே பாதி நேரம் தன் கற்பனைக்குள் உலவுபவர். ஆகவே கனவுலகம் அவருக்குப் பழகிய இடம் என்பது முதல் தரப்பின் வாதம். கனவுக்குள் இருந்துகொண்டே 'இது கனவு' என்று கண்டறியக் கூர்மையான கவனம் வேண்டும், அந்தக் கவனம்தான் அவர்களிடம் குறைவு என்பது இரண்டாம் தரப்பின் வாதம். வயது வந்த பிறகு ஏடிஎச்டி இருப்பதாக மருத்துவரால் உறுதி செய்யப்பட்டவன் நான். சிறுவயதிலிருந்தே அவ்வப்போது தெளிவுக் கனவுகளும் கண்டு வருகிறேன். அதனால் இந்த வாதத்தைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். இரண்டு தரப்புமே கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருக்கின்றன என்பதுதான் இப்போது என் எண்ணம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுத்துக்கொள்வோம். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே, தான் காண்பது கனவு என்று அறிந்திருப்பதே தெளிவுக் கனவு. லூசிட் ட்ரீமிங் என்ற பெயரில் இணையத்தில் பெரிதும் பேசப்படுவது இதைத்தான். கனவின் போக்கை விருப்பப்படி மாற்றுவது இதன் பகுதி அல்ல. கனவு என்று தெரிந்தும் எதையும் மாற்ற முடியாமல் வெறும் பார்வையாளராக இருப்பவர்கள் ஏராளம். இப்படி ஒரு நிலை உண்மையிலேயே உண்டா என்ற ஐயம் 1970கள் வரை அறிவியலாளர்களிடம் இருந்தது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ஆலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கவைத்து, கனவுக்குள் விழிப்புணர்வு வந்ததும் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார். கனவுகள் மிகுதியாக வரும் கட்டமான ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றிருந்தாலும் கண்கள் அசையும் என்பதால், அந்தச் சைகை கருவியில் பதிவானது. சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே முறையில் நிறுவினார். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஏறத்தாழ 55 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையாவது தெளிவுக் கனவு கண்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் ஏறத்தாழ 23 சதவீதத்தினர்.

ஏடிஎச்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழில் எழுதப்படும் இந்நிலையில், பெயர் சொல்வதுபோல் கவனம் குறைந்திருப்பதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் முடியாமல் போவதே அதன் சாரம். சலிப்பூட்டும் படிவத்தை நிரப்ப ஒரு வாரம் எடுத்துக்கொள்பவரே, மனத்துக்குப் பிடித்த ஒன்றில் ஆறு மணி நேரம் பசியை மறந்து மூழ்கியும் கிடப்பார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, கவனச் சிதறல் சார்ந்த ஒன்பது அறிகுறிகளையும் மிகையியக்கம், உந்துதல் சார்ந்த ஒன்பது அறிகுறிகளையும் பட்டியலிட்டு, அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பதினெட்டு அறிகுறிகளில் உறக்கம் ஒன்றாகக்கூட இடம்பெறவில்லை. அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் தரப்பின் வாதத்திலிருந்து தொடங்குகிறேன். ஆய்வகச் சான்றுகள் அதன் பக்கமே அதிகம். சாதாரண ரெம் உறக்கத்தில் மூளையின் உணர்ச்சிப் பகுதிகளும் காட்சிப் பகுதிகளும் சுறுசுறுப்பாக இருக்க, முன்மடலின் பக்கவாட்டுப் பகுதி பெருமளவு அடங்கிக் கிடக்கிறது. இறந்துபோன உறவினரோடு உட்கார்ந்து இயல்பாக உரையாடுகிறோம். பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தால் கடற்கரை வருகிறது. எதுவும் நமக்கு வியப்பளிப்பதில்லை. அதற்குக் காரணம் இந்த அடக்கம் என்றே கருதப்படுகிறது. தெளிவுக் கனவின்போது அப்பகுதி ஓரளவு விழித்துக்கொள்கிறது. 2009இல் உர்சுலா வாஸும் அவருடைய குழுவினரும் தெளிவுக் கனவில் முன்மடலில் 40 ஹெர்ட்ஸ் அளவிலான மின் அலைகள் கூடுவதைப் பதிவு செய்து, அது விழிப்பும் ரெம் உறக்கமும் கலந்த ஒரு நிலை என்றனர். 2015இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தினர், தெளிவுக் கனவு அதிகம் காண்பவர்களுக்கு முன்மடலின் நுனிப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். தன் எண்ணத்தைத் தானே கண்காணிக்கும் செயலில் பங்கேற்கும் பகுதி அது.

ஏடிஎச்டியில் தடுமாறுவதும் முன்மடல் சார்ந்த சுற்றுகளே. 2007இல் பிலிப் ஷாவின் குழு நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூளைப் படங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டபோது, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி தன் உச்சத் தடிமனை அடையும் இடைநிலை வயது ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு 10.5 ஆகவும் மற்றவர்களுக்கு 7.5 ஆகவும் இருந்தது. தாமதம் மிகுதியாகத் தெரிந்தது முன்மடலில்தான். இதோடு இன்னொரு கண்டுபிடிப்பைச் சேர்த்துப் பார்க்கலாம். 2012இல் வாஸின் குழு ஆறு முதல் பத்தொன்பது வயது வரையிலான மாணவர்களிடம் விசாரித்தபோது, தானாகவே வரும் தெளிவுக் கனவுகள் சிறுவர்களிடம் கணிசமாக இருந்து, பதினாறு வயதையொட்டிக் குறையத் தொடங்குவது தெரியவந்தது. முன்மடல் முதிர்ந்து மற்ற பகுதிகளோடு தன் இணைப்புகளை முடித்துக்கொள்ளும் காலத்தின் ஒரு பக்கவிளைவாக இது இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அப்படியானால், முதிர்ச்சி தாமதமாகும் ஒருவருக்கு அந்தக் காலகட்டமும் நீளக்கூடும். தானாக வரும் தெளிவுக் கனவுகள் அவரிடம் இளமைப் பருவத்தின் பிற்பகுதிவரை தொடரக்கூடும். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் ஒரே முன்மடல் வாதத்தை வைத்துக்கொண்டு நேர் எதிரான முடிவுக்கும் வரலாம் என்பதை இது காட்டுகிறது.

'முன்மடல் பலவீனம், ஆகவே தெளிவுக் கனவு அரிது' என்று ஒரே தாவலில் முடிவுகட்டுவதை நான் ஏற்காததற்கு வேறு காரணமும் உண்டு. முன்மடல் ஒரே வேலை செய்யும் உறுப்பு அல்ல. 2010இல் மார்க் பிளாக்ரோவும் அவருடைய சகாக்களும் தெளிவுக் கனவு அடிக்கடி காண்பவர்களை ஸ்ட்ரூப் சோதனைக்கு உட்படுத்தினர். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லும் சோதனை அது. தெளிவுக் கனவாளர்கள் அதில் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தனர். ஏடிஎச்டி உள்ளவர்கள் தடுமாறும் சோதனைகளில் இதுவும் ஒன்று என்பதால், எதிர்மறை வாதத்துக்கு இதுவே வலுவான ஆதாரம் என்று நான் எண்ணுகிறேன். ஆனால் மறு ஆண்டே வெளிவந்த வேறொரு ஆய்வில், விஸ்கான்சின் அட்டைச் சோதனையில் தெளிவுக் கனவாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அயோவா சூதாட்டச் சோதனையில்தான் அவர்கள் முந்தினர். முன்னது விதி மாறும்போது அதற்கேற்ப மாறும் திறனையும், பின்னது உள்ளுணர்வின் துணையோடு நல்ல சீட்டுக்கட்டைத் தேர்ந்தெடுக்கும் திறனையும் அளக்கின்றன. ஆக, முன்மடலின் எந்தத் திறன் கனவில் பயன்படுகிறது என்று கேட்காமல் மொத்தமாகப் பேசுவதில் பொருளில்லை.

முதல் தரப்பு நம்பியிருப்பது மனம் அலைவதை. பகற்கனவும் இரவுக் கனவும் ஒரே வலையமைப்பின் வேலை என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வெளியுலகப் பணி எதுவும் இல்லாதபோது மூளையில் இயங்கும் வலையமைப்பு இரண்டிலும் பங்கேற்கிறது. ஏடிஎச்டியில் அந்த வலையமைப்பு, வேலை நேரத்திலும் அடங்காமல் குறுக்கிடுகிறது என்ற கருத்தை 2007இல் சோனுகா-பார்க், காஸ்தெயானோஸ் ஆகியோர் முன்வைத்தனர். ஆனால் மனம் அலைவதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தானே விரும்பி எண்ணங்களை அலையவிடுவது ஒன்று. அவரை அறியாமல் அவை இழுத்துக்கொண்டு போவது இன்னொன்று. பால் செலியின் குழு 2015இல் இவற்றைப் பிரித்து அளந்தபோது, ஏடிஎச்டி அறிகுறிகளோடு தொடர்புற்றிருந்தது அறியாமல் அலைவது மட்டுமே. தெளிவுக் கனவுக்குத் தேவையானதோ அலைவது அன்று. அலைந்துகொண்டிருக்கிறோம் என்று கண்டுகொள்வது. ஏடிஎச்டி அறிகுறிகள் கூடும்போது இந்தக் கண்டுகொள்ளல் குறைகிறது என்பதையும், அப்படிக் கண்டுகொள்ள முடிந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருக்கிறது என்பதையும் மைக்கேல் ஃபிராங்க்ளினும் சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். பகலில் கற்பனையில் மிதப்பவர் இரவில் கனவை எளிதில் கண்டுபிடிப்பார் என்ற முடிவு இத்தோடு தளர்ந்துவிடுகிறது.

இங்கே என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுகளைவிட எனக்கு இதுவே அதிகம் விளக்கியது. அலைந்த என் மனத்தைப் பகலில் திரும்ப அழைத்து வருவது பெரும்பாலும் நான் அல்ல. யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள், தொலைபேசி ஒலிக்கிறது, அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வருகிறது. திரும்பி வரும் அந்தக் கணம் ஒரு நாளில் எண்ணற்ற முறை நிகழ்வதால், அதில் எனக்குப் பயிற்சி மிகுதி என்றுகூட நினைத்ததுண்டு. ஆனால் அந்தப் பயிற்சி முழுவதும் வெளியிலிருந்து வரும் தூண்டலை நம்பியது. கனவுக்கு வெளிப்புறம் என்று ஒன்று இல்லை. அங்கே பெயர் சொல்லி அழைப்பவரும் கனவின் பாத்திரமே. கருகும் வாசனை வந்தால் அதுவும் கதையில் கலந்துவிடுகிறது. ஒருவர் உள்ளிருந்தே விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த உள்விழிப்புக்கு ஏடிஎச்டி மனம் பயிற்சி தருவதில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. தெளிவுக் கனவைக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் முதல் பாடம், 'நான் இங்கே எப்படி வந்தேன்?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது. விழித்திருப்பவரால் அதற்கு விடை சொல்ல முடியும். கனவில் இருப்பவர் திடீரென்று ஓர் அறையின் நடுவில் நிற்பார், வந்த வழி நினைவுக்கு வராது, அந்த இடைவெளியே கனவைக் காட்டிக்கொடுக்கும் என்பது கணக்கு. ஏடிஎச்டி உள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. எதற்காக வந்தோம் என்று தெரியாமல் அறையின் நடுவில் நிற்பது எங்கள் அன்றாடம். கையில் ஏன் கத்தரிக்கோல் இருக்கிறது, பேச்சு எப்போது இந்தத் தலைப்புக்கு மாறியது, கடைசிப் பத்துப் பக்கங்களில் என்ன படித்தேன் என்பவற்றுக்கெல்லாம் விழித்திருக்கும்போதே விடை இருப்பதில்லை. தொடர்பறுந்த காட்சிகளுக்கு இப்படிப் பழகிப்போன மனம், கனவில் காட்சி அறுபடும்போது திடுக்கிட வேண்டிய காரணமே இல்லை. அதைத் தன் வழக்கமான மறதியின் கணக்கில் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறது. கனவுகளைக் குறித்துவைக்கும் என் நோட்டைப் புரட்டினால், தெளிவு பிறந்த இடங்களில் 'எப்படி வந்தேன்' என்ற கேள்வி அநேகமாகக் காணோம். பறப்பது, எழுத்துகள் படிக்கப் படிக்க உருமாறுவது, கையில் ஆறாவது விரல் முளைத்திருப்பது என்று உடனடியாகக் கண்ணில் படும் முரண்களே அங்கே இருக்கின்றன. நினைவைச் சார்ந்த அடையாளங்களைவிட, புலனைச் சார்ந்த அடையாளங்களே எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் என்று இதிலிருந்து நான் கொள்கிறேன்.

கற்பிக்கப்படும் உத்திகளின் பெரும்பகுதி இன்னொரு பலவீனத்தின் மேல் நேராகக் கை வைக்கிறது. லபெர்ஜ் வகுத்த மைல்ட் எனப்படும் முறையில், உறங்கப்போகும் முன் 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவில் கொள்வேன்' என்ற உறுதியை மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிற்பாடு செய்ய வேண்டிய ஒன்றை உரிய தருணத்தில் தானாக நினைத்தெடுப்பது அதன் அடித்தளம். மாலையில் மருந்து வாங்க வேண்டும் என்பதை மாலையில் நினைத்தெடுக்க முடியாதவர், கனவின் நடுவே ஓர் உறுதிமொழியை நினைத்தெடுப்பது எளிதன்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 'இது கனவா' என்று பார்த்துக்கொள்ளும் பகல்நேரச் சோதனைகள், ஐந்து மணி நேர உறக்கத்துக்குப் பின் சிறிது விழித்திருத்தல், மைல்ட் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 17 சதவீத இரவுகளில் தெளிவுக் கனவு வந்தது. மைல்ட் முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கோ அது 46 சதவீதம். அந்த ஐந்து நிமிடம் கவனிக்கத்தக்கது. படுக்கையில் விழுந்ததும் எண்ணங்கள் ஓட்டமெடுக்கும் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் உறங்குவது பெரும்பாலான இரவுகளில் நடக்கிற காரியமல்ல. உறுதிமொழி முதல் நிமிடத்தில் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் மனம் என்றோ பார்த்த ஒரு ஆவணப்படத்தைத் தன் விருப்பப்படி திருத்தி எழுதிக்கொண்டிருக்கும்.

நாள் முழுவதும் கையைப் பார்ப்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட முயல்வது போன்ற சோதனைகளின் கதியும் இதேதான். மணிக்கொருமுறை நினைவூட்டி வைத்துக்கொண்டாலும் சில நாள்களில் கை தன்னால் அதைச் செய்துவிட, 'இது கனவா' என்ற கேள்வி உள்ளே எழுவதே இல்லை. கேள்வி இல்லாத சோதனைக்குப் பயனில்லை. இதுபற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், ஏடிஎச்டி உள்ளவர்களுக்குத் தெளிவுக் கனவு அரிதாகவே வர வேண்டும். ஆனாலும் அடிக்கடி வருகிறது என்று சொல்பவர்கள் எங்களில் பலர்; அவர்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. இந்தப் புதிருக்கு விடை கவனத்தில் இல்லை, உறக்கத்தில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

ரெம் உறக்கம் இரவு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மேலோங்கியிருக்கும். பின்னிரவிலும் விடியலிலும் ரெம் கட்டங்கள் நீண்டுகொண்டே போகும். விடியலில் ஒருமுறை விழித்துச் சிறிது நேரம் தெளிவாக இருந்துவிட்டு மீண்டும் உறங்கினால், விழிப்பின் சாயல் இன்னும் கலையாத மூளை நேராக ரெம் கட்டத்துக்குள் நுழையும் வாய்ப்பு அதிகம். தெளிவுக் கனவுக்கு இதைவிட வளமான நிலம் இல்லை. மற்றவர்கள் கடிகாரத்தில் மணி வைத்து வலிந்து உண்டாக்கிக்கொள்ளும் இந்த நிலை, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அழையாமலேயே வாய்க்கிறது. வயது வந்த ஏடிஎச்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உடலின் உறக்கக் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. உறக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தொடங்குவதே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாமதமாவதை, உறக்கம் வரத் தாமதமாகும் ஏடிஎச்டி நோயாளிகளிடம் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் அளந்து காட்டினர். உலகம் எழும் நேரத்தில் எழ வேண்டியிருப்பதால், அவர்களுடைய மணி அடிப்பது ரெம் உறக்கத்தின் உச்சத்தில். அணைக்கிறார்கள், உறங்குகிறார்கள், மறுபடி அடிக்கிறது, மறுபடி உறங்குகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஸ்மித், பிளாக்ரோவ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கடிகாரத்தின் ஸ்னூஸ் பொத்தானை அடிக்கடி அழுத்துபவர்கள் அதிகம் தெளிவுக் கனவு காண்கிறார்கள் என்று கண்டது. அதை முதன்முறை படித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சோம்பல் என்று காலமெல்லாம் திட்டு வாங்கிக்கொடுத்த பழக்கத்துக்கு இப்படியொரு விளைவும் இருந்திருக்கிறது.

கனவு நினைவில் நிற்பதற்கும் இடையில் விழிப்பதே காரணம். கனவின் நடுவிலோ முடிவிலோ விழிக்காதவருக்கு அந்தக் கனவு மறுநாள் இருப்பதில்லை. அடிக்கடி விழிப்பவர் அதிகம் நினைவில் வைத்திருப்பார். அதிகம் நினைவில் வைத்திருப்பவர், அவற்றுள் தெளிவாக இருந்தவற்றையும் அதிகம் எண்ணிச் சொல்வார். மாதத்துக்கு எத்தனை என்று கேட்கும் வினாத்தாள்களில் இவையெல்லாம் ஒரே எண்ணாகக் குழைந்துவிடுகின்றன.

இந்த விளக்கத்தை நான் நம்புவதற்கு மிக முக்கியமான காரணம் நார்கோலெப்சி. பகலிலும் அடக்க முடியாமல் உறக்கம் வரும் இந்நோயில், விழிப்புக்கும் ரெம் உறக்கத்துக்கும் இடையேயான எல்லை உடைந்திருக்கிறது. கண்ணை மூடிய சில நிமிடங்களிலேயே நோயாளி கனவுக்குள் போய்விடுகிறார். 2015இல் பாரிஸ் ஆய்வாளர்கள், இந்நோயாளிகள் மாதத்துக்குச் சராசரியாக 7.6 தெளிவுக் கனவுகள் காண்பதாகவும், ஒப்பீட்டுக் குழுவினருக்கு அது 0.3 மட்டுமே என்றும் கண்டனர். இதே நோயாளிகளிடம் கவனச் சிதறலும் மிகுதி. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெதில்ஃபெனிடேட் இவர்களுக்கும் தரப்படுகிறது. கவனம் மோசமாக இருக்கும் ஒரு கூட்டத்தினரிடமே தெளிவுக் கனவு இவ்வளவு பெருகியிருப்பது, கவனமே தெளிவுக் கனவின் முதன்மைத் திறவுகோல் என்ற கருத்தை அசைத்துவிடுகிறது. உறக்கத்தின் எல்லைகள் எந்த அளவுக்குச் சிதைந்திருக்கின்றன என்பதே அங்கே பேசுகிறது.

கெட்ட கனவுகளுக்கும் இதில் பங்குண்டு. ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் கனவுகளை ஆராய்ந்த மைக்கேல் ஷ்ரேடல், சார்டோரியஸ் ஆகியோர் 2010இல், அக்கனவுகளில் மிரட்டல், துன்பம், கனவு காண்பவர் தாக்கப்படுவது, மோசமான முடிவு ஆகியவை மற்றக் குழந்தைகளின் கனவுகளைவிட அதிகம் என்று எழுதினர். மிகுந்த அச்சமே சில வேளை 'இது நடக்க முடியாது, கனவுதான்' என்ற தெளிவைக் கிளப்பிவிடும் என்பது பலருடைய அனுபவம். கெட்ட கனவு அடிக்கடி வருபவர்களிடம் தெளிவுக் கனவும் அதிகம் என்று கணக்கெடுப்புகளும் காட்டுகின்றன. என் சிறுவயதுத் தெளிவுக் கனவுகள் எல்லாமே துரத்தப்பட்டு, தப்பிக்க வழியில்லாத இடத்தில் பிறந்தவை.

தெளிவு பிறந்த பிறகு நடப்பது வேறு கதை. கவனக் குறைபாடு தன் உண்மை முகத்தைக் காட்டுவது அங்கேதான் என்பது என் கணிப்பு. கனவு என்று தெரிந்துவிட்டது. பறந்து போய் மலையுச்சியில் இறங்க வேண்டும் என்று தீர்மானித்தாயிற்று. வழியில் ஒரு வீட்டின் கூரையில் வினோதமான ஒரு பறவை. அதைப் பார்க்கிறேன், அதன் பின்னால் போகிறேன், அது ஒரு கூடத்துக்குள் நுழைகிறது, அங்கே யாரோ விருந்து வைத்திருக்கிறார்கள், எனக்கு இடம் கிடைக்குமா என்று கவலைப்படத் தொடங்குகிறேன். கனவு என்ற அறிவு எப்போது நழுவியது என்றே தெரிவதில்லை. தெளிவுக் கனவில் குறித்த வேலையைச் செய்வது யாருக்குமே எளிதன்று. 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, கனவு கண்டுகொண்டிருப்பவர்களிடம் எளிய கணக்குகளைக் கேட்டு விடை வாங்கியபோது, 158 முயற்சிகளில் சரியான விடை வந்தவை ஏறத்தாழ 18 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவற்றில் பதிலே வரவில்லை. சாதாரணக் கவனத்துக்கே இந்த நிலை என்றால், எதைக் கண்டாலும் அதன் பின்னால் ஓடும் கவனத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது: கனவில் ஏதாவது ஒன்று உண்மையாகவே என்னைக் கவர்ந்துவிட்டால், ஒரு சுவரின் செங்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது போன்ற அற்ப வேலையில்கூட, கனவு வியக்கத்தக்க உறுதியோடு கலையாமல் நிற்கிறது. விழிப்பில் ஒன்றில் மூழ்கிப்போகும் இயல்பு அங்கேயும் கூடவே வருகிறது.

மருந்துகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஏடிஎச்டி மருந்துகள் மூளையின் வேதித் தூதுப்பொருள்களான டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றைக் கூட்டுகின்றன. ரெம் உறக்கத்திலோ நார்அட்ரினலினைச் சுரக்கும் செல்கள் ஏறக்குறைய முற்றிலும் அமைதியாகி, அசிட்டைல்கோலைன் என்ற இன்னொரு தூதுப்பொருள் ஆட்சி செய்கிறது. தெளிவுக் கனவை மருந்தால் கூட்டிக் காட்டிய ஆய்வும் அந்த வழியில் நடந்ததே. 2018இல் லபெர்ஜ் குழு 121 பேருக்கு, அசிட்டைல்கோலைன் சிதைவதைத் தடுக்கும் கலன்டமைனைக் கொடுத்தபோது, வெற்று மாத்திரையில் 14 சதவீதத்தினருக்கும், 4 மில்லிகிராமில் 27 சதவீதத்தினருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதத்தினருக்கும் தெளிவுக் கனவு வந்தது. ஆகவே, பகலில் கவனத்தைக் கூர்மையாக்கும் மாத்திரை இரவிலும் அதையே செய்யும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மாலையில் எடுத்தால் உறக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதே அதன் உறுதியான விளைவு. கலன்டமைன் மறதி நோய்க்கான மருந்து. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல், அதுவும் ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவர்கள், அதைத் தொடவே கூடாது.

உறக்கத்தை வேண்டுமென்றே முறிக்கும் உத்திகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. உறக்கம் ஒரு மணி நேரம் குறைந்தாலும் மறுநாள் ஏடிஎச்டி அறிகுறிகள் கூடிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 2018இல் இஸ்ரேலில் லியட் அவிராம், நிரித் சோஃபர்-டுடெக் ஆகியோர், தெளிவுக் கனவை வலிந்து வரவழைக்கும் முயற்சிகள், இரண்டு மாதங்களுக்குப் பின் யதார்த்தத்திலிருந்து விலகிய உணர்வு கூடுவதோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டனர். தானாக வரும் தெளிவுக் கனவின் எண்ணிக்கையில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால் இரவில் மணி வைத்து எழுவதை நான் விட்டுவிட்டேன். விடுமுறைக் காலையில் தானாக விழித்து, எழ அவசரமில்லாமல் மீண்டும் உறங்கும்போது வருவது வரட்டும் என்று இருக்கிறேன்.

தியானம் செய்தால் கவனக் குறைபாடு, தெளிவுக் கனவு இரண்டுக்கும் உதவும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. 2019இல் பெஞ்சமின் பேர்டும் விஸ்கான்சின் ஆய்வாளர்களும், நீண்ட காலம் தியானம் செய்தவர்களிடம் தெளிவுக் கனவு அதிகம் என்று கண்டபோதும், எட்டு வாரத் தியானப் பயிற்சி அதன் எண்ணிக்கையைக் கூட்டவில்லை.

இந்தக் கேள்வியை ஆராய முனைபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏடிஎச்டி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வரிசையாக நிறுத்தி மாதத்துக்கு எத்தனை தெளிவுக் கனவு என்று கேட்டால், கிடைக்கும் எண் அவர்களுடைய உறக்கம் எத்தனை துண்டுகளாக உடைகிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். விடியலில் விழித்து மீண்டும் உறங்கிய தடவைகளை மணிக்கட்டுக் கருவியால் எண்ணி, அப்படிப்பட்ட ஒவ்வொரு மறு உறக்கத்துக்கும் எத்தனை தெளிவுக் கனவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கூடவே, தெளிவு பிறந்த கணத்தையும் அது நழுவிய கணத்தையும் கண் அசைவுச் சைகையால் தனித்தனியே குறிக்கச் சொல்ல வேண்டும். அப்படி அளந்தால், தெளிவு பிறப்பதில் இரு குழுவினருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது, அது நீடிக்கும் நேரத்தில்தான் தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு.